டேக் போட்ட போர்ட், போடாத போர்ட்: ஒப்பந்தக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டிய ஒரு தாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லாட்ஜ், நர்சிங் ஹோம், ஜவுளிக்கடை, தனியார் பள்ளி என்று எங்கு பார்த்தாலும் இப்போது சிசிடிவி, வைஃபை, பில்லிங் மூன்றும் ஒரே நெட்வொர்க்கில் ஓடுகின்றன. இந்த வேலைக்கான கொட்டேஷனில் 'வீலேன் கான்ஃபிகரேஷன்' என்று ஒரு வரி இருக்கும், அதற்கு எதிரே ஒரு தொகையும் இருக்கும். ஒரே ஸ்விட்சையும் கேபிளையும் வைத்துக்கொண்டு, எண் கொடுத்துத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பதுதான் வீலேன். வேலை முடிந்ததும் "எல்லாத்தையும் தனித்தனியா பிரிச்சாச்சு சார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பிரித்தார்களா என்று பார்க்க உரிமையாளருக்கு வழி தெரியாது. பல இடங்களில் ஸ்விட்ச் (எல்லாக் கேபிளும் வந்து சேரும் கருவி) அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தபடியே, எல்லாப் போர்ட்டும் (கேபிள் செருகும் துளை) வீலேன் 1-இல் கிடக்கும். சில இடங்களில் பாதி மட்டும் செய்திருப்பார்கள். அது இன்னும் மோசம், ஏனென்றால் பார்ப்பதற்கு வேலை செய்வது போலவே இருக்கும். இந்த வேலையைச் செய்கிற இளைஞர்களுக்கும் செய்யச் சொல்கிற உரிமையாளர்களுக்கும் சேர்த்து, டேக் போட்ட போர்ட் எப்படி வேலை செய்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதை இங்கே விவரமாக எழுதுகிறோம்.

லாரி புக்கிங் ஆபீசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வியாபாரி தன் கடையிலிருந்து தன் சொந்த வேனில் மூட்டை அனுப்பும்போது மூட்டையின் மேல் எதுவும் எழுதுவதில்லை. அந்த வேனில் வருவது எல்லாமே அவருடையதுதான். புக்கிங் ஆபீசிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும் லாரியில் நான்கு வியாபாரிகளின் மூட்டைகள் கலந்து ஏறுகின்றன. அங்கேதான் மூட்டைமேல் மையால் எண் போட வேண்டியிருக்கிறது. அடுத்த ஊர் ஆபீசில் எண்ணைப் பார்த்துப் பிரித்து, அவரவர் கடைக்கு அனுப்புகிறார்கள். ஸ்விட்சிலும் இதேதான், மூட்டைமேல் போடும் அந்த எண்தான் டேக். ஒரே ஒரு கருவி செருகியிருக்கும் போர்ட்டுக்கு டேக் தேவையில்லை, அது அன்டேக்டு போர்ட். பல வீலேன்களின் தரவு ஒரே கேபிளில் போகும் இடத்தில்தான் டேக் தேவை, அது டேக்டு போர்ட். இரண்டு ஸ்விட்சுகளுக்கு இடையே, ஸ்விட்சுக்கும் ரௌட்டருக்கும் இடையே, ஸ்விட்சுக்கும் வைஃபை ஆக்சஸ் பாயிண்ட்டுக்கும் இடையே உள்ள கேபிள்கள் அப்படிப்பட்டவை.

அந்த மை எது என்பதையும் பார்த்துவிடலாம். கேபிளில் தரவு போகும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஈதர்நெட் ஃபிரேம் என்று பெயர். அதில் முதல் 6 பைட் பெறுபவரின் மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி), அடுத்த 6 பைட் அனுப்புபவரின் மேக் முகவரி, அதற்கடுத்த 2 பைட் உள்ளே இருப்பது என்ன வகை என்பதைச் சொல்வது. 1998-இல் வெளியான ஐஇஇஇ 802.1க்யூ தரப்படி, அனுப்புபவரின் முகவரிக்கும் வகைக்கும் நடுவே 4 பைட் செருகப்படுகிறது. அதில் முதல் 2 பைட் எப்போதும் 81 00. 'இது டேக் போட்ட ஃபிரேம்' என்பதற்கான அடையாளம் அது. மீதி 16 பிட்டில் 3 பிட் முன்னுரிமைக்கு, அதாவது 0 முதல் 7 வரை. 1 பிட், இன்றைய பதிப்பின்படி, நெரிசல் வந்தால் இதைக் கைவிடலாமா என்பதற்கு. கடைசி 12 பிட்தான் வீலேன் எண். கேமராக்களின் வீலேன் 20, முன்னுரிமை 0 என்றால் அந்த நான்கு பைட்டும் 81 00 00 14 என்று இருக்கும். பதினாறிலக்க முறையில் 14 என்பது நம்முடைய 20. 12 பிட்டில் 4096 எண்கள் வரும். 0, 4095 இரண்டும் ஒதுக்கப்பட்டவை என்பதால் நமக்குக் கிடைப்பது 1 முதல் 4094 வரை. ஒரு கட்டடத்துக்கு இது ஏராளம். தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குத்தான் போதாமல் போய், டேக்கின் மேல் டேக் போடும் முறை பிறகு வந்தது.

ஃபிரேமில் 4 பைட் கூடியதால் அதன் உச்ச நீளம் 1518-லிருந்து 1522 ஆகிறது. கடைசியில் உள்ள பிழை சரிபார்ப்பு எண்ணையும் ஸ்விட்ச் புதிதாகக் கணக்கிட்டுப் போடுகிறது. இந்த 4 பைட் அற்பமாகத் தெரியலாம். 1518-க்கு மேல் நீண்டால் கீழே போட்டுவிடும் பழைய கருவி ஒன்று வழியில் இருந்தால், நோய்க்குறி விசித்திரமாக இருக்கும். பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனைச் செய்தி) போகும், சின்னப் பக்கம் திறக்கும், பெரிய கோப்பும் வீடியோவும் மட்டும் பாதியில் நிற்கும். இதைக் கண்டுபிடிக்க, துண்டாக்காதே என்ற கட்டளையோடு 1472 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். 1472-உடன் ஐபி தலைப்பு 20, பிங்குக்கே உரிய ஐசிஎம்பி தலைப்பு 8 சேர்ந்தால் சரியாக 1500. இது போகாமல் 1468 போனால், குற்றவாளி அந்த நான்கு பைட்தான்.

போர்ட்டின் நடத்தையை இரண்டாகப் பிரித்துப் பார்க்காதவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள். ஒன்று, உள்ளே வரும் ஃபிரேமுக்கு என்ன ஆகிறது? இன்னொன்று, வெளியே போகும் ஃபிரேமுக்கு என்ன ஆகிறது? டேக் இல்லாமல் உள்ளே வரும் ஃபிரேமை எந்த வீலேனில் சேர்ப்பது என்பதைத் தீர்மானிப்பது அந்தப் போர்ட்டின் பிவிஐடி எண். வெளியே போகும்போது டேக்கோடு விடுவதா, உரித்துவிட்டு விடுவதா என்பதைத் தீர்மானிப்பது வீலேன் உறுப்பினர் பட்டியல். சிஸ்கோ போன்ற ஸ்விட்சுகளில் 'ஆக்சஸ் வீலேன் 20' என்ற ஒரே கட்டளை இரண்டையும் சேர்த்துச் செய்துவிடுகிறது. பிரவுசரில் திறந்து அமைக்கும் மலிவு ஸ்விட்சுகளில் இவை இரண்டும் தனித்தனிப் பக்கத்தில் இருக்கும். ஒரு பக்கத்தில் 5-ஆம் போர்ட்டை வீலேன் 20-இல் அன்டேக்டு என்று போட்டுவிட்டு, மற்றப் பக்கத்தில் பிவிஐடியை 1-லேயே விட்டுவிடுவதுதான் நாங்கள் அறிந்தவரை மிகப் பரவலான பிழை. கேமராவுக்குப் போகும் தரவு 20-லிருந்து போகும், கேமராவிலிருந்து வருவது 1-இல் விழும். போர்ட்டில் விளக்கு எரியும், இரு பக்கமும் கேமரா பேசாது. கேபிளைக் குறை சொல்லி ஆர்ஜே45 முனையை மூன்று முறை வெட்டிக் கிரிம்ப் செய்வார்கள். கேபிளில் ஒன்றும் இருக்காது.

இதன் இன்னொரு வடிவம்: 20-இல் சேர்த்தாயிற்று, பிவிஐடியும் 20 போட்டாயிற்று, ஆனால் பழைய வீலேன் 1-லிருந்து அந்தப் போர்ட்டை எடுக்கவில்லை. இப்போது எல்லாம் வேலை செய்யும். கேமரா படம் வரும், உரிமையாளர் மகிழ்வார். ஆனால் வீலேன் 1-இன் பிராட்காஸ்ட் (எல்லோருக்குமாகப் போகும் பொது அறிவிப்பு) எல்லாம் கேமராப் போர்ட்டிலும் கொட்டிக்கொண்டிருக்கும். பிரித்ததாக நினைத்தது பிரிந்திருக்காது. ஆகவே ஒரு போர்ட்டை ஒரு வீலேனில் மட்டுமே அன்டேக்டு ஆக வைக்க வேண்டும். டேக்டு ஆக எத்தனை வீலேனில் வேண்டுமானாலும் வைக்கலாம்.

சொற்களே ஒரு பொறி. பல வீலேன்களைச் சுமக்கும் போர்ட்டை சிஸ்கோவில் 'டிரங்க்' என்பார்கள். அந்தக் காலத்து டிரங்க் கால் நினைவிருப்பவர்களுக்குப் பொருள் உடனே பிடிபடும்: ஊருக்கு ஊர் போகும் பொதுத் தடம். ஆனால் எச்பியின் புரோகர்வ் ஸ்விட்சில் 'டிரங்க்' என்றால் இரண்டு மூன்று கேபிள்களைச் சேர்த்து ஒரே இணைப்பாக ஆக்குவது. அங்கே நமக்கு வேண்டியதன் பெயர் 'டேக்டு'. ஒரு பக்கம் சிஸ்கோ, மறுபக்கம் எச்பி உள்ள இடத்தில், இரண்டு பக்கத்திலும் 'டிரங்க்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது.

எண் போடாத மூட்டை லாரியில் ஏறினால் அது யாருடையது? இதற்கு இரண்டு ஆபீசும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். டேக்டு இணைப்பில் டேக் இல்லாமல் போகும் அந்த ஒரு வீலேனுக்கு நேட்டிவ் வீலேன் என்று பெயர். மாற்றாமல் விட்டால் பொதுவாக அது 1. ஒரு முனையில் நேட்டிவ் 1 என்றும் மறுமுனையில் 99 என்றும் இருந்தால், இந்தப் பக்கத்து வீலேன் 1 அந்தப் பக்கத்து வீலேன் 99-உடன் ஒட்டிக்கொள்ளும். இணைப்பு அறுந்துபோகாது, அதனால் உடனே தெரியவும் தெரியாது. கீழ்த்தள பில்லிங் கம்ப்யூட்டருக்கு வேறு வரிசையில் ஐபி முகவரி வருகிறது, எப்போதோ ஒரு தடவை மட்டும் வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இரண்டு முனையிலும் சிஸ்கோ இருந்தால் 'நேட்டிவ் வீலேன் மிஸ்மேட்ச்' என்று ஸ்விட்சின் பதிவேட்டில் எச்சரிக்கை விழும். வேறு வேறு நிறுவனத்தின் ஸ்விட்சுகள் என்றால் இந்த எச்சரிக்கையை எதிர்பார்க்க முடியாது.

நேட்டிவ் வீலேனில் ஒரு பாதுகாப்புச் சிக்கலும் உண்டு. அந்த வீலேனில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் வேண்டுமென்றே ஒரு ஃபிரேமுக்கு இரண்டு டேக் போட்டு அனுப்பலாம். முதல் ஸ்விட்ச் வெளி டேக்கைப் பார்த்து, 'இது நேட்டிவ், டேக் வேண்டாம்' என்று உரித்து அனுப்பும். இரண்டாவது ஸ்விட்ச் உள்ளே மிச்சமிருக்கும் டேக்கைப் படித்து, அவர் போகக் கூடாத வீலேனில் சேர்த்துவிடும். பதில் திரும்பி வர வழியில்லை, ஒரு பக்கப் பாதைதான். ஆனாலும் தொல்லை கொடுக்க அது போதும். இதற்கு மருந்து எளியது: எந்தக் கருவியும் இல்லாத ஓர் எண்ணை, 999 என்று வைத்துக்கொள்வோம், நேட்டிவாக வைத்துவிடுங்கள். இரண்டு முனையிலும்.

ஒரு மாதிரிக் கட்டடம் எடுத்துக்கொள்வோம். இரண்டு தளம், கீழே 24 போர்ட் ஸ்விட்ச், மேலே 8 போர்ட் ஸ்விட்ச், தளத்துக்கு ஓர் ஆக்சஸ் பாயிண்ட். வீலேன் 10 அலுவலகமும் பில்லிங்கும், 20 கேமரா, 30 விருந்தினர் வைஃபை, 40 போன், 99 ஸ்விட்சுகளையும் ஆக்சஸ் பாயிண்ட்டுகளையும் நிர்வகிப்பதற்கு. ஐபி முகவரியின் மூன்றாவது எண்ணை வீலேன் எண்ணாகவே வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்: 192.168.10, 192.168.20 என்று. நள்ளிரவில் கோளாறு வந்தாலும் முகவரியைப் பார்த்தவுடன் எந்த வீலேன் என்று சொல்லிவிடலாம். கீழ் ஸ்விட்சின் 1-ஆம் போர்ட் ரௌட்டருக்கு, 24-ஆம் போர்ட் மேல்மாடிக்கு; இரண்டும் 10, 20, 30, 40, 99 எல்லாவற்றுக்கும் டேக்டு. கேமராப் போர்ட்டுகள் 20-இல் மட்டும் அன்டேக்டு. கேமராப் படங்களைப் பதிவு செய்யும் என்விஆரையும் அதே 20-லேயே வைத்துவிடுங்கள். வேறு வீலேனில் வைத்தால் ஒவ்வொரு கேமராவின் படமும் ரௌட்டருக்கு ஏறி இறங்க வேண்டியிருக்கும். இதைவிடப் பெரிய கட்டடத்தில், ஒரு கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் என்றால் 32 கேமராவுக்கு 128. ரௌட்டருக்குப் போகும் இணைப்பு 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தால் அங்கேயே மூச்சு முட்டும். ஒரு கேபிளில் ஐந்து வீலேன் ஓடுவதால் கேபிள் ஐந்தாகிவிடாது. ஐந்தும் அதே கொள்ளளவைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

ஆக்சஸ் பாயிண்ட் செருகும் போர்ட்டில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். ஆக்சஸ் பாயிண்ட்டை ஒரு கம்ப்யூட்டர் போல நினைத்து 10-இல் அன்டேக்டு என்று போட்டுவிடுவார்கள். ஆனால் அது இரண்டு வைஃபை பெயர்களை ஒலிபரப்புகிறது. அலுவலகப் பெயரில் வருவதற்கு 10 என்றும், விருந்தினர் பெயரில் வருவதற்கு 30 என்றும் அதுவே டேக் போட்டு ஸ்விட்சுக்கு அனுப்புகிறது. 30-க்கு உறுப்பினரல்லாத போர்ட் அதை வாங்கிக்கொள்ளாது. விருந்தினரின் போனில் முழு சிக்னல் காட்டும், கடவுச்சொல்லும் ஏற்கப்படும், அதற்குப் பிறகு 'ஐபி முகவரியைப் பெறுகிறது' என்ற வரியிலேயே நின்றுவிடும். அந்த வரியைப் பார்த்தால் வைஃபையைத் திட்ட வேண்டாம், டேக்கைப் பாருங்கள். சரியான அமைப்பு: 99 அன்டேக்டு, 10-உம் 30-உம் டேக்டு. வழியில் இருக்கும் எல்லா இணைப்பிலும் 30 டேக்டு ஆக இருக்கிறதா, ரௌட்டரில் 30-க்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மேசைப் போன் வேறு கதை. ஐபி போனின் பின்னால் இரண்டு துளை இருக்கும். ஒன்று சுவருக்கு, மற்றது மேசைக் கம்ப்யூட்டருக்கு. போன் தன் பேச்சுக்கு 40 என்று டேக் போடும், கம்ப்யூட்டரிலிருந்து வருவதை டேக் இல்லாமல் அப்படியே கடத்தும். எனவே அந்தப் போர்ட் 10-க்கு அன்டேக்டு, 40-க்கு டேக்டு. எந்த எண்ணைப் போட வேண்டும் என்பதை எல்எல்டிபி (அக்கம்பக்கத்துக் கருவிகள் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும் முறை) மூலம் ஸ்விட்சே போனுக்குச் சொல்லிவிடும். இங்கே ஒரு நுட்பம்: கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு தனக்கு வரும் டேக்டு ஃபிரேமைத் தள்ளிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சில டிரைவர்கள் டேக்கை உரித்துவிட்டு ஃபிரேமை விண்டோஸிடம் கொடுத்துவிடுகின்றன. 40-இல் ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) ரௌட்டர் அறிவிப்பு ஓடினால், 10-இல் இருக்கும் கம்ப்யூட்டர் அதையும் எடுத்துக்கொண்டு தவறான முகவரியைப் போட்டுக்கொள்ளும். அதனால்தான் போன் வீலேனில் தேவையில்லாமல் ஐபிவி6-ஐ இயக்கி வைக்கக் கூடாது.

ரௌட்டரில் டேக் போட்ட போர்ட் என்பது ஒரே கேபிளின் மேல் பல துணை இடைமுகங்களை எழுப்புவது. லினக்ஸில் ஈத்0 என்ற கார்டின் மேல் ஈத்0.10, ஈத்0.20 என்று ஒவ்வொரு வீலேனுக்கும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி ஐபி முகவரி, அதுவே அந்த வீலேனின் கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல். மைக்ரோடிக் ரௌட்டரில் இதைச் செய்யும்போது, பிரிட்ஜில் (பல போர்ட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் அமைப்பு) ஏற்கெனவே உறுப்பாக இருக்கும் போர்ட்டின் மேல் வீலேன் இடைமுகத்தை ஏற்றக் கூடாது, பிரிட்ஜின் மேல்தான் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் அமைப்பு சரிபோலத் தெரியும், ஃபிரேம் மட்டும் வந்து சேராது. பிரிட்ஜில் வீலேன் வடிகட்டலை இயக்குவதற்கு முன்னால், நீங்கள் நிர்வகிக்கும் வீலேனுக்கு பிரிட்ஜையே டேக்டு உறுப்பாகச் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சேர்க்காமல் இயக்கினால், ரௌட்டர் உள்ளே இருக்கும், நீங்கள் வெளியே நிற்பீர்கள்.

எங்கள் கடிதத்தில் உரிமையாளர்கள் ஒன்றை மட்டும் படித்தால் போதும் என்றால், அது இந்தப் பத்திதான். வீலேன் ஸ்விட்சுக்குள்தான் பிரிக்கிறது. ரௌட்டர் வரை போனதும் எல்லா வீலேனும் அங்கே ஒன்றுகூடுகின்றன. ரௌட்டரின் வேலையே தனக்குத் தெரிந்த நெட்வொர்க்குகளை ஒன்றோடொன்று இணைப்பது. எனவே ஃபயர்வாலில் (யார் எங்கே போகலாம் என்று காவல் காக்கும் பகுதி) '30-லிருந்து 10-க்குப் போகாதே' என்று தனியே விதி எழுதாவிட்டால், பெரும்பாலான ரௌட்டர்களில் விருந்தினர் வைஃபையில் இருப்பவர் பில்லிங் கம்ப்யூட்டரைத் தாராளமாகத் தொடலாம். இதைச் சோதிக்க நிபுணர் தேவையில்லை. உங்கள் போனை விருந்தினர் வைஃபையில் இணையுங்கள். பில்லிங் கம்ப்யூட்டரின் முகவரிக்கு ஒரு பிங் செயலியால் பிங் அடியுங்கள். பிறகு பிரவுசரில் என்விஆரின் முகவரியையும் ஸ்விட்சின் முகவரியையும் ரௌட்டரின் முகவரியையும் தட்டிப் பாருங்கள். எதிலாவது உள்நுழைவுப் பக்கம் திறந்தால், கொட்டேஷனில் இருந்த அந்த வரிக்குப் பணம் கொடுக்கும் நேரம் இன்னும் வரவில்லை. ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் ஃபயர்வாலே பிங்கை மறுக்கலாம். அதனால் பிங் போகவில்லை என்பதை மட்டும் வைத்துப் பிரிந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

ஃபைபர் இணைப்பு வாங்கியவர்களும் டேக்கைச் சந்திக்கிறார்கள். இணையத்துக்கு ஒரு வீலேன், லேண்ட்லைன் பேச்சுக்கு இன்னொன்று என்று சேவையாளர் ஒரே ஃபைபரில் அனுப்புவது வழக்கம். அவர்கள் கொடுத்த ஓஎன்டியை (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) தரவை அப்படியே கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றி, சொந்த ரௌட்டரை வைக்கும்போது, ரௌட்டரின் வான் (WAN), அதாவது இணையப் பக்கத்தில் அந்த இணைய வீலேன் எண்ணைக் கொடுக்க வேண்டியிருக்கும். சில இடங்களில் ஓஎன்டியே டேக் போட்டுவிடும், அங்கே ரௌட்டரில் போடக் கூடாது. இரண்டில் எது என்பதைச் சேவையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் வழி. எண் தவறா, கடவுச்சொல் தவறா என்பதை மட்டும் நாமே பிரித்துவிடலாம். கடவுச்சொல் தவறென்றால் மறுமுனையிலிருந்து மறுப்பு வரும், விண்டோஸில் அது 691-ஆம் பிழை. வீலேன் எண் தவறென்றால் யாரும் மறுப்பதில்லை; மறுமுனையில் ஆளே இல்லாதது போல நேரம் கடந்து இணைப்பு கைவிடப்படும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் இந்த முறை, அதாவது பிபிபிஓஇ, 8 பைட் எடுத்துக்கொள்வதால் எம்டியுவை (ஒரு தடவையில் போகும் தரவின் உச்ச அளவு) 1492 என்று வைக்க மறக்க வேண்டாம்.

சிஸ்கோவில் வேலை செய்யும் தம்பிகளுக்கு மூன்று விஷயங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டிரங்கில் 50-ஐப் புதிதாகச் சேர்க்க 'ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்ட் வீலேன் 50' என்று அடித்தால், இருந்த பட்டியல் அழிந்து 50 மட்டும் மிஞ்சும். மேல்மாடி முழுவதும் அந்த நொடியில் இருண்டுவிடும். 'வீலேன்' என்பதற்கும் 50-க்கும் நடுவே 'ஆட்' என்ற சொல் வேண்டும். அனுபவசாலிகளும் விழும் குழி இது. அடுத்தது, டிரங்கில் அனுமதித்தால் மட்டும் போதாது. வழியில் உள்ள ஒவ்வொரு ஸ்விட்சிலும் அந்த வீலேனை உருவாக்கியிருக்க வேண்டும். 'ஷோ இன்டர்ஃபேசஸ் டிரங்க்' காட்டும் விடையில் அனுமதிக்கப்பட்டவை ஒரு பட்டியலாகவும், அனுமதிக்கப்பட்டு இயங்குபவை வேறு பட்டியலாகவும் வரும். முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாத எண்தான் உருவாக்க மறந்த வீலேன். மூன்றாவது, வேறு இடத்தில் கழற்றிய பழைய ஸ்விட்சைத் துடைக்காமல் கொண்டுவந்து செருகுவது. வீலேன் பட்டியலை ஸ்விட்சுக்கு ஸ்விட்ச் தானாகப் பரப்பும் சிஸ்கோ முறைக்கு விடிபி என்று பெயர். இரண்டு இடத்திலும் விடிபி டொமைன் பெயர் ஒன்றாக இருந்து, பழையதின் ரிவிஷன் எண் (பட்டியல் மாறும்போதெல்லாம் கூடும் எண்) கூடுதலாக இருந்தால், அதன் வீலேன் பட்டியல் உங்கள் ஸ்விட்சுகள் அனைத்திலும் பரவி, உங்களுடையதை அழித்துவிடும். செருகுவதற்கு முன் விடிபியை டிரான்ஸ்பரன்ட் நிலைக்கு மாற்றிவிடுங்கள், எண் பூஜ்யமாகிவிடும்.

தொலைவில் உட்கார்ந்து மாற்றும்போது வரிசை முக்கியம். தூரத்து ஸ்விட்சை முதலில், பக்கத்து ஸ்விட்சைப் பிறகு. தலைகீழாகச் செய்தால், பக்கத்து முனையை மாற்றிய கணமே தூரத்து ஸ்விட்சுக்குப் போகும் வழி அடைபடும். இன்னொரு காப்பு, தொடங்குவதற்கு முன் '10 நிமிடத்தில் மறுதொடக்கம்' என்று ஸ்விட்சுக்குக் கட்டளை கொடுத்து வைப்பது. கை மீறினால் 10 நிமிடத்தில் அது சேமித்து வைத்த பழைய அமைப்போடு எழுந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் மறுதொடக்கத்தை ரத்து செய்துவிட்டுச் சேமியுங்கள். சேமிப்பதை மறந்த ஸ்விட்ச், கரண்ட் போய் வரும் நாள் வரை ஒழுங்காக ஓடும். ஆறு மாதம் கழித்து யுபிஎஸ் பேட்டரி உட்காரும்போது எல்லாம் பழையபடி வீலேன் 1-க்குத் திரும்பும். அப்போது யாருக்கும் காரணம் தெரியாது, போர்ட் கணக்கு எழுதிய தாளும் இருக்காது.

அதனால்தான் அந்தத் தாள். வேலை முடிந்து மீதிப் பணம் கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒரு பக்கம் கேட்டு வாங்குங்கள். போர்ட் எண், அதில் செருகியிருக்கும் கருவி, எந்த வீலேன் அன்டேக்டு, எவையெல்லாம் டேக்டு, பிவிஐடி என்ன என்று ஐந்து நெடுவரிசைகள். 24 போர்ட்டுக்கு 24 வரி, காலிப் போர்ட்டுக்கும் ஒரு வரி, 'அணைக்கப்பட்டது' என்று. ஒவ்வொரு கேபிளின் இரு முனைத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கீழ் ஸ்விட்சின் 24-ஆம் போர்ட்டில் எழுதியிருக்கும் டேக்டு எண்களும் மேல் ஸ்விட்சில் அந்தக் கேபிள் சேரும் போர்ட்டின் டேக்டு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும், அன்டேக்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இதைச் சரிபார்க்கத் தொழில்நுட்பம் தெரிய வேண்டியதில்லை. ஒரு கணக்கப்பிள்ளையால் முடியும். ஸ்விட்சின் அமைப்புக் கோப்பு ஒரு பென்டிரைவிலும், நிர்வாகக் கடவுச்சொல் ஒட்டிய உறையிலும் உரிமையாளரிடம் இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரரின் போனில் மட்டும் இருந்தால் அவர் எண் மாறும் நாளில் பெட்டியை ரீசெட் செய்வதைத் தவிர வழியில்லை.

நடுவில் செருகும் 5 போர்ட் சாதாரண ஸ்விட்சுகள் தாளில் வராமல் போகும் என்பதையும் சொல்ல வேண்டும். மேசைக்கு அடியில் போர்ட் போதாமல் யாரோ வாங்கி வைப்பது அது. வீலேன் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. அன்டேக்டு போர்ட்டில் செருகினால் பாதகமில்லை, அதன் பின்னால் உள்ள எல்லாம் அதே வீலேனில் சேரும். டேக்டு கேபிளின் நடுவே செருகினால், ஐந்து வீலேனின் பிராட்காஸ்டையும் எல்லாத் துளையிலும் ஊற்றும். பல நேரம் அது டேக்கைத் தொடாமல் கடத்திவிடுவதால் எதுவும் நின்றுபோகாது. ஆகவே வருடத்துக்கு ஒரு முறை, தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மேசைகளின் அடியில் குனிந்து பாருங்கள்.

இப்படிக்கு,
நெட்வொர்க் பராமரிப்புப் பணியாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.